புது கிரைண்டர் மாடலுக்கு டெஸ்டிங்: லேபுக்கு அனுப்பறதா, சொந்த ரிக் போடறதா, மாவுக்கடைக்கு குடுக்கறதா

கோயமுத்தூர் கணபதி ஏரியால யூனிட் வச்சிருக்க ஒரு தம்பி போன மாசம் போன் பண்ணி கேட்டாப்ல. புதுசா ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் விடப் போறாரு, டிசைன் முடிஞ்சு டை எல்லாம் வந்து இறங்கிருச்சு, டெஸ்டிங்குக்குன்னு ரெண்டு லட்சம் தனியா எடுத்து வச்சிருக்காரு. "ஏனுங்கண்ணா, லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்கிடட்டுமா, இல்ல நம்மளே கிரைண்டர மாட்டி நாள் கணக்கா ஓட்டிப் பாக்கற ஒரு ரிக் போட்டுக்கலாமா, இல்ல பேசாம இருபது பீஸ் தெரிஞ்சவங்க வீட்டுக்கு குடுத்து ஓட்டிப் பாக்கலாமா?" இதுக்கு போன்ல அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்ல முடியல, மூணுமே நான் பண்ணிருக்கேன், மூணுலயும் காசு விட்டிருக்கேன், அதனால உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு.

மொதல்ல எனக்கு நடந்தது. சில வருஷம் முன்னாடி ஒரு மாடல் விட்டோம், வெளி லேப்ல குடுத்து ஐ.எஸ். 302ங்கற வீட்டு மின்சாமானுக்கான இந்திய ஸ்டாண்டர்டு படி சேஃப்டி டெஸ்ட் எல்லாம் க்ளீனா பாஸ், ஹை வோல்டேஜ் பாஸ், லீக்கேஜ் கரண்ட் பாஸ், மேல தண்ணி ஊத்திப் பாக்கற டெஸ்டும் பாஸ். ரிப்போர்ட்ட கலர் ஜெராக்ஸ் போட்டு டீலருக்கெல்லாம் குடுத்தேன், அவ்ளோ பெருமை. ஆறு ஏழு மாசத்துல ஒண்ணு ஒண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுது, எல்லாத்துலயும் ஒரே கம்ப்ளைன்ட், ஓடும்போது கர்ர்ருனு சத்தம், அப்பறம் ட்ரம்மே சுத்தாது. பிரிச்சுப் பாத்தா கீழ சென்டர் ஷாஃப்ட் பேரிங் துருப்பிடிச்சு செங்கப்பொடி மாதிரி கொட்டுது. என்ன ஆச்சுன்னா, வீட்ல ட்ரம்ம எடுத்து தனியா கழுவறாங்க, அதோட நிக்காம பாடி மேலயும் ஒரு சொம்பு தண்ணிய ஊத்தி துணி வச்சு தொடைக்கறாங்க, அந்த தண்ணி ஷாஃப்ட் ஓரமா இறங்கி பேரிங் மேல நிக்குது, அப்பறம் மூணு நாள் கிரைண்டர் சும்மா கெடக்குது. லேப்லயும் தண்ணி ஊத்துனாங்கதான், ஆனா அவங்க பாத்தது ஷாக் அடிக்குமா அடிக்காதான்னு, ஆறு மாசம் கழிச்சு பேரிங் என்ன ஆகும்னு இல்ல. லேப் மேல ஒரு தப்பும் இல்ல, நான் கேட்ட கேள்விக்கு சரியான பதில் குடுத்தாங்க, நான் கேட்டதுதான் வேற கேள்வி.

அதனால தம்பிக்கு நான் திருப்பிக் கேட்டது, உனக்கு இந்த டெஸ்ட்ல இருந்து என்ன வேணும், பேப்பரா, பதிலா? ரெண்டும் தேவைதான், ஆனா ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காது.

லேப் பத்தி முதல்ல சொல்லிடறேன். கோயமுத்தூர்ல சிட்டார்க்னு ஒரு டெஸ்டிங் சென்டர் இருக்கு, நம்ம சீமா, அதாவது இன்ஜினியரிங் கம்பெனிக்காரங்க சங்கம், முன்ன நின்னு ஆரம்பிச்சது, பம்ப் மோட்டார்னாலே எல்லாருக்கும் அங்கதான் ஞாபகம் போகும். மெட்ராஸ்ல கிண்டில எம்.எஸ்.எம்.இ. டெஸ்டிங் சென்டர் இருக்கு, இது போக, லேபுகளுக்கு அங்கீகாரம் குடுக்கற என்.ஏ.பி.எல். ஒத்துக்கிட்ட தனியார் லேப் நெறைய. இங்கெல்லாம் என்ன கெடைக்கும்னா, கேலிப்ரேட் பண்ண மீட்டர், ஸ்டாண்டர்டுல சொன்ன முறை, வெளிய யாரும் கேள்வி கேக்க முடியாத ரிப்போர்ட். டெண்டர், எக்ஸ்போர்ட், ஐ.எஸ்.ஐ. மார்க், பெரிய கடைக்காரனோட வென்டார் ஃபார்ம், இதெல்லாம் வந்தா லேப் விட்டா வேற வழி இல்ல, அதுல ரிக்கா லேபான்னு யோசிக்கவே வேணாம். 2011ல அரசாங்கம் வெலையில்லா மிக்ஸி கிரைண்டர் ஃபேன் திட்டம் ஆரம்பிச்சுது, அந்த மாதிரி ஆர்டருக்கு நானே ரிக் போட்டு ஓட்டிப் பாத்தேன் சார்னு சொன்னா எவன் எடுத்துக்குவான்.

எர்த்து, லீக்கேஜ், இன்சுலேஷன் விஷயத்துலயும் நான் லேப் பக்கம்தான், உயிர் போற விஷயத்துல நம்ம மீட்டர நம்பக்கூடாது. ஈரக் கையோட தொடற சாமான் இது.

ஆனா 'எவ்ளோ நாள் உழைக்கும்'ங்கற கேள்விய லேப்ல போய் கேட்டீங்கன்னா அங்கதான் கணக்கு இடிக்குது. ஒண்ணு, மணிக்கணக்குக்கு பில் போடுவாங்க, அஞ்சு வருஷ உழைப்ப ஓட்டிக் காட்டணும்னா கொட்டேஷனப் பாத்தாலே நெஞ்சடைக்கும். ரெண்டாவது, சாதாரணமா நம்ம அனுப்பறது ரெண்டு பீஸ், மிஞ்சிப் போனா மூணு. அதுவும் யாரு செலக்ட் பண்ணது, நம்ம மேஸ்திரி, இருக்கறதுலயே நல்லதா பாத்து, ராத்திரி உக்காந்து இன்னொரு தடவ டைட் பண்ணி, துடைச்சு, பேக் பண்ணி அனுப்பிருப்பாரு. கல்யாண ஃபோட்டோ மாதிரி, அன்னைக்கு ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்கங்கறதுக்கு சாட்சி, அவ்ளோதான்.

மூணு பீஸ் ஓட்டி மூணும் பாஸ்னா என்ன அர்த்தம்னு ஒரு சின்ன கணக்கு இருக்கு, இத தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து எனக்கு தூக்கமே கொஞ்சம் கெட்டுப் போச்சு. ஒரு மாடல்ல நூத்துக்கு எத்தன பீஸ் அந்த ஆயுசத் தாண்டும்ங்கறது ஆர்னு வச்சுக்கோங்க, நூத்துக்கு 90னா ஆர் 0.9. எத்தன பீஸ் ஓட்டுனீங்களோ அத்தன தடவ ஆர தன்னோடயே பெருக்கணும், ஒண்ணு கூட ஃபெயில் ஆகாம எல்லாமே பாஸ் ஆகறதுக்கான வாய்ப்பு அது. 90 சதவீதம் நம்பிக்கையோட சொல்லணும்னா அந்த பெருக்கல் 0.1க்கு வரணும். மூணு பீஸ்க்கு போட்டுப் பாத்தா ஆர் 0.46. அதாவது மூணும் பாஸ் ஆனத வச்சு அடிச்சு சொல்லக் கூடியது, நூத்துக்கு 46 பீஸாவது தாங்கும்ங்கறது மட்டும்தான். மீதி 54 பத்தி அந்த டெஸ்ட் வாயே தொறக்கல. நூத்துக்கு 90 தாங்கும்னு அதே நம்பிக்கையோட சொல்லணும்னா 22 பீஸ் ஓட்டணும், ஒண்ணு கூட ஃபெயில் ஆகக் கூடாது. 95 வேணும்னா 45 பீஸ். வாரத்துக்கு நூறு பீஸ் போடற யூனிட்ல 45 பீஸ டெஸ்டுக்குன்னு ஒதுக்கறேன்னு சொன்னா பார்ட்னர் வீட்டுக்கே வந்து பேசுவாரு.

இங்க ஒரு குறுக்கு வழி இருக்கு, நியாயமான குறுக்கு வழிதான். தேய்மானத்தால போற ஐட்டமா இருந்தா, பீஸ் எண்ணிக்கைய குறைச்சுட்டு ஓட்டற நேரத்த கூட்டலாம். ஸ்வீடன்காரர் வெய்புல் 1951ல ஒரு பேப்பர் போட்டாரு, எந்திரம் எப்ப எப்ப ஃபெயில் ஆகுதுங்கறத ஒரு வளைவுக்குள்ள கொண்டு வந்தது, அதுல பீட்டான்னு ஒரு நம்பர் வரும். பீட்டா ஒண்ணுக்கு கீழ இருந்தா ஆரம்பத்துலயே போகுது, ஃபிட்டிங் கோளாறு மாதிரி, ஒண்ணுன்னா எப்ப வேணா போகும், ஒண்ணுக்கு மேலன்னா தேஞ்சு போகுது. பெல்ட், புஷ், சீல் மாதிரி தேயற சாமானுக்கு பீட்டா ரெண்டுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு மடங்கு ஆயுசு ஓட்டும்போது, ரெண்டோட வர்க்கம் நாலு, அதனால ஒரு பீஸ் நாலு பீஸுக்கு சமம். அப்ப 22க்கு பதிலா ஆறு பீஸ் போதும். பீட்டா ரெண்டுங்கறது நம்ம வச்சுக்கிட்டது, அத மறந்துரக் கூடாது, அசெம்பிளி தப்புக்கு இந்த கணக்கு செல்லாது. அசெம்பிளி தப்புக்கு மருந்து லைஃப் டெஸ்ட்டே இல்ல, பேக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பீஸையும் இருபது நிமிஷம் ஓட்டி காது குடுத்து கேக்கறதுதான்.

இந்த ஆறு பீஸ், ரெண்டு மடங்கு நேரம்ங்கற கணக்குதான் என்ன சொந்த ரிக் பக்கம் தள்ளுச்சு.

வீட்ல வாரத்துக்கு மூணு தடவ, தடவைக்கு 40 நிமிஷம்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 156 தடவ, 104 மணி நேரம். மோட்டாருக்கு அஞ்சு வருஷ வாரண்டி குடுக்கறோம், அப்ப 780 தடவ, 520 மணி நேரம். ரிக்ல 40 நிமிஷம் ஓட்டம், 20 நிமிஷம் ரெஸ்ட்டுன்னு டைமர் வச்சா ஒரு நாளைக்கு 24 தடவ, அஞ்சு வருஷம் முப்பத்தி ரெண்டரை நாள்ல முடிஞ்சுரும். ரெண்டு மடங்குன்னா 65 நாள். சில பேரு ரெஸ்ட்டே இல்லாம 520 மணி நேரம் ஒரே ஓட்டமா ஓட்டி 'பாஸ்'னு எழுதிக்கறாங்க, அது தப்பு, ஏன்னா மோட்டார் சூடாகி ஆறி சூடாகி ஆறித்தான் பல சாமான் லூசாகுது, ஸ்டார்ட் ஆகும்போதுதான் கெப்பாசிட்டரும் பெல்ட்டும் அடி வாங்குது. 780 ஸ்டார்ட்ட ஒரே ஸ்டார்ட்டா மாத்திட்டு பாஸ்னு சொல்றது பரீட்சைல மொத கேள்விய மட்டும் எழுதிட்டு வந்த மாதிரி.

ரிக்குன்னு சொன்னதும் ராக்கெட் மாதிரி நெனைக்க வேணாம். ஆங்கிள்ல ஒரு ஸ்டாண்டு, ஆறு கிரைண்டர், ஒவ்வொண்ணுக்கும் ஆன் ஆஃப் பண்ண ஒரு கான்டாக்டர், சைக்ளிக் டைமர், ஹவர் மீட்டர், கவுண்டர், வோல்டேஜ ஏத்தி இறக்க ஒரு டிம்மர்ஸ்டாட், சூடு காட்ட தெர்மோகப்பிள் போட்ட டிஸ்ப்ளே. எங்களுக்கு நாப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சுது, பாதி சாமான் பழைய பேனல்ல இருந்து கழட்டுனது. ப்ரோக்ராம் பண்ற கன்ட்ரோலர், அதான் பி.எல்.சி., போடலாம்னு எங்க எலக்ட்ரீஷியன் ஆசப்பட்டாரு, வேணாம்னுட்டேன், டைமர் போதும்.

கரண்ட் செலவு நெனச்ச அளவு வராது. 150 வாட் மோட்டார், 1040 மணி நேரம், பீஸுக்கு 156 யூனிட், ஆறுக்கும் சேத்து ஆயிரம் யூனிட்டுக்குள்ள. நொய்தான் செலவு. பச்சத் தண்ணிய ஊத்தி ஓட்டுனா லோடே இல்ல, அதனால காலைல ஒரு தடவ மதியம் ஒரு தடவ புது நொய் போடறோம், பீஸுக்கு ஒரு கிலோன்னா நாளைக்கு பன்னண்டு கிலோ, 65 நாளைக்கு 780 கிலோ, இருபதாயிரத்துக்கு மேல அதுலயே போயிருச்சு. ராத்திரி அரைஞ்ச மாவையே தண்ணி விட்டு ஓட்டறோம், அந்த நேரத்துல லோடு கம்மிங்கறத நான் மறைக்க மாட்டேன், அதனால 24ல எல்லா தடவையும் வீட்டு லோடு இல்ல, எங்க ரிக்கோட பெரிய குறை இதுதான். புளிச்ச மாவு வாட தாங்காது, ஈ மொய்க்கும், பக்கத்து யூனிட்காரர் சண்டைக்கே வந்துட்டாரு, இப்ப மாடு வச்சிருக்க ஒருத்தர் சாயங்காலம் கேன் கொண்டு வந்து எடுத்துட்டுப் போறாரு, அவருக்கு எங்க டெஸ்ட் முடியவே கூடாது. ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்ல, ராத்திரி ஆளில்லாம ஓட்டறதுன்னா ஒவ்வொரு பீஸுக்கும் தனி எம்.சி.பி. ட்ரிப் ஸ்விட்ச், பக்கத்துல அட்டப் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது, வாட்ச்மேனுக்கு மெயின் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

சொந்த ரிக்ல லேப்ல முடியாதது என்னன்னா, நம்ம ஊர் கொடுமைய எல்லாம் கொண்டு வரலாம். எங்களுக்கு வந்த எரிஞ்ச மோட்டார்ல நெறைய கிராமத்துப் பக்கம் இருந்து வந்தது. அரிசி பாதி அரைஞ்சு கெட்டியா கெடக்கும்போது கரண்ட் போகுது, திரும்பி வரும்போது லோ வோல்டேஜ்ல வருது, வீட்டுக்காரம்மா ஸ்விட்ச ஆஃப் பண்ணாம அடுப்படில வேற வேலையா இருப்பாங்க. ஸ்டார்ட்டிங் டார்க், அதாவது கிளம்பும்போது மோட்டார் சுத்தி இழுக்கற பலம், வோல்டேஜோட வர்க்கத்துல குறையும், 230க்கு பதிலா 180 வோல்ட் வந்தா டார்க் 61 சதவீதம்தான், கல்லு நகராது, மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், ஓவர்லோட் ப்ரொடெக்டர் சரியில்லன்னா கொஞ்ச நேரத்துல வைண்டிங் வார்னிஷ் கருகற வாட வந்துரும். இத ரிக்ல டிம்மர்ஸ்டாட்ட 180ல வச்சு, லோடோட நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் குடுத்துப் பாக்கறோம், நாளைக்கு நாலு தடவ. எந்த ஸ்டாண்டர்டு படிச்சும் இத கண்டுபிடிக்கல, திரும்பி வந்த மோட்டார்கள வரிசையா வச்சுப் பாத்து கண்டுபிடிச்சது.

அதே மாதிரி பேரிங்குக்கு, ஒவ்வொரு நாளும் காலைல பாடி மேல ஒரு சொம்பு உப்புத் தண்ணி. ஆமா, உப்புத் தண்ணி. சிறுவாணி தண்ணில கழுவுனா ஒரு ரிசல்ட், பல்லடம் பக்கம் உப்பு போர் தண்ணில கழுவுனா வேற ரிசல்ட், நம்ம டெஸ்ட் பண்றது சிட்டிக்குள்ள, விக்கறது ஊரெல்லாம். இசட் இசட் பேரிங்ல இருக்கற தகடு தூசிக்குத்தான் காவல், தண்ணிக்கு இல்ல. ரப்பர் சீல் உள்ள டூ ஆர் எஸ் போட்டு, ஷாஃப்ட் மேல ஒரு சின்ன கொடை மாதிரி காலர் வச்சதுக்கு அப்பறம்தான் அந்த கர்ர்ரு சத்தம் நின்னுச்சு. பீஸுக்கு செலவு கொஞ்சம்தான் ஏறுச்சு, திரும்பி வந்ததோட லாரி வாடகையில பாதி கூட இல்ல.

இங்க வேகமா முடிக்கணும்னு ஆசப்படறவங்களுக்கு ஒரு வார்த்த. சூட்ட ஏத்தி, லோட ஏத்தி சீக்கிரம் சாகடிச்சுப் பாக்கறது ஒரு முறை, தப்பில்ல, ஆனா எதால சாகுதுன்னு தெரிஞ்சிருக்கணும். வைண்டிங் இன்சுலேஷனுக்கு பத்து டிகிரி ஏறுனா ஆயுசு பாதின்னு ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கு, தோராயமானது, ஆனா உதவும், 20 டிகிரி கூட வச்சா நாலு மடங்கு வேகம். பால் பேரிங்குக்கு லோடு ரெண்டு மடங்கு ஆனா ஆயுசு எட்டுல ஒரு பங்கு. நான் ஒரு தடவ பெல்ட்ட இழுத்துக் கட்டி பேரிங்குக்கு லோடு ஏத்தி மூணு வாரம் ஓட்டுனேன், பேரிங் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஏன்னா நம்ம பேரிங் லோடால சாகவே இல்ல, தண்ணியால சாகுது. மூணு வாரம் வேஸ்ட். சூடு ஏத்துனப்ப ஒரு பிளாஸ்டிக் புஷ் உருகிடுச்சு, அது வீட்ல என்னைக்குமே அந்த சூட்டுக்கு போகாது, இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்த கதை.

சூடு அளக்கறதுக்கு மட்டும் லேப் வேணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஒரு நல்ல மில்லி ஓம் மீட்டர் போதும். ஓட்டறதுக்கு முன்னாடி வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், நிறுத்துன உடனே திரும்ப ரெசிஸ்டன்ஸ். காப்பருக்கு 235 கூட்டி கணக்கு. உதாரணத்துக்கு 30 டிகிரில 20 ஓம், நிறுத்துனப்ப 26 ஓம், அப்ப 1.3 மடங்கு, 235ம் 30ம் 265, அத 1.3ஆல பெருக்குனா 344.5, அதுல 235 கழிச்சா 109.5 டிகிரி. ஏறுன சூடு 79.5. மோட்டார் ஸ்டாண்டர்டுல க்ளாஸ் பி இன்சுலேஷனுக்கு 80 டிகிரி வரைக்கும் ஏறலாம், நூலிழையில தப்பிச்சுது, ஆனா வோல்டேஜ் குறைஞ்ச வீட்ல தப்பிக்காது. பாடி மேல கை வச்சு 'சூடு பரவால்லண்ணா'ன்னு சொல்ற மேஸ்திரிகிட்ட இந்த கணக்க ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, அப்பறம் கை வைக்க மாட்டாரு.

சரி, வீட்டுக்கும் கடைக்கும் குடுத்து ஓட்டிப் பாக்கறது. இது எல்லாத்தையும் விட மலிவுன்னு நெனைக்கறோம், உண்மையில இதுலதான் நான் நல்லா ஏமாந்தேன். சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு பன்னண்டு வீட்டுக்கு ஃப்ரீயா குடுத்தேன். மூணு மாசம் கழிச்சு போன் பண்ணி கேட்டா எல்லாரும் "சூப்பரா இருக்குங்க, மாவு பஞ்சு மாதிரி வருது." அத்தை ஒருத்தங்க வீட்டுக்கு நேர்ல போனப்ப பாத்தா கிரைண்டர் பரண் மேல இருக்கு, பழைய கிரைண்டர்தான் ஓடிட்டு இருக்கு. கேட்டா "சத்தமா இருந்துச்சு கண்ணு, நீ ஆசையா குடுத்தது, எப்படி சொல்றது." நம்ம ஊர்ல சும்மா குடுத்த பொருள்ல யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அது மரியாதை இல்லன்னு நெனப்பாங்க. இப்ப நான் பாதி வெலைக்கு குடுக்கறேன். காசு குடுத்து வாங்கிட்டாங்கன்னா பாருங்க, மறுநாளே போன் வருது, மூடி லூசு, ஒயர் நீளம் பத்தல, ட்ரம் தூக்க கனமா இருக்குன்னு, அவ்ளோ தகவல்.

மாவுக்கடை, மெஸ், டிஃபன் கடை வேற ரகம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓட்டுனா 130 நாள்ல 520 மணி நேரம், வீட்டு அஞ்சு வருஷம் அங்க நாலரை மாசம். ஹவர் மீட்டர் மட்டும் உள்ள பொருத்திக் குடுங்க, கடைக்காரர் சொல்ற மணிக்கணக்கு எப்பவும் அவர் மனநிலையப் பொறுத்தது. ரெண்டு லிட்டர் கிரைண்டர்ல மூணு லிட்டருக்கு அரிசி போடறது, ஓடும்போதே ட்ரம்ம புடிச்சு நிறுத்தறது, கல்ல கழுவாம அப்படியே விடறது, இதெல்லாம் நம்ம ரிக்ல யோசிக்கவே மாட்டோம், அவங்க மொத வாரமே பண்ணிடுவாங்க. ஆனா கடைல தினமும் ஓடற மெஷின்ல ஈரம் நின்னு துருப்பிடிக்கற வியாதி சீக்கிரம் தெரியாது, ஓடற மாடு படுக்காதில்ல. எனக்கு வந்த பேரிங் கம்ப்ளைன்ட் ஒண்ணு கூட கடைல இருந்து வரல, எல்லாமே வாரத்துக்கு ரெண்டு தடவ அரைக்கற வீட்ல இருந்து. அதனால பத்து பீஸ்னா அஞ்சு கடைக்கு, அஞ்சு வீட்டுக்கு, வீட்லயும் ரெண்டு உப்புத் தண்ணி ஏரியாவா பாத்து குடுங்க.

நாலாவதா ஒரு வழி இருக்கு, தம்பி கேக்கல, ஆனா நம்மள்ல பாதிப்பேர் பண்றது அதுதான்: டெஸ்ட்டே வேணாம், மார்க்கெட்ல விடு, திரும்பி வர்றத பாத்து திருத்திக்கலாம். கேக்க மோசமா இருந்தாலும் இதுல ஒரு தங்கம் இருக்கு, திரும்பி வந்த பழைய மாடல் சாமான்தான் அந்த தங்கம். புது மாடலுக்கு என்ன டெஸ்ட் வைக்கணும்னு அதுதான் சொல்லும், நாங்க வச்ச லோ வோல்டேஜ் டெஸ்ட்டும் சொம்புத் தண்ணி டெஸ்ட்டும் அங்க இருந்து வந்ததுதான். ஆனா சர்வீஸ்காரர் ரெஜிஸ்டர்ல 'மோட்டார் கம்ப்ளைன்ட்'னு ஒரே வரி எழுதி வச்சா ஒண்ணும் கெடைக்காது. கழட்டுன சாமானையே கொண்டு வந்தா சாமானுக்கு இவ்ளோன்னு காசு குடுத்தேன், ஆறு மாசத்துல ரெண்டு கோணி நெறைய வந்துருச்சு. ஒவ்வொண்ணுலயும் எந்த மாசம் பண்ணதுன்னு பஞ்ச் இருந்தா, எத்தனாவது மாசம் போச்சுன்னு தெரியும், ரெண்டு மாசத்துக்குள்ள போனது தனிக்கூடை, வருஷம் தாண்டி போனது தனிக்கூடை. மொத கூடை மேஸ்திரிகிட்ட பேச வேண்டியது, ரெண்டாவது டிசைன்ல பேச வேண்டியது. இத புது மாடலுக்கே செய்யலாம்னு விட்டீங்கன்னா, பேர் கெட்டதுக்கு அப்பறம்தான் டேட்டா வரும், ஒரு டீலர் போயிட்டா திரும்ப வர மாட்டாரு.

இன்னொரு விஷயம், லேப் ரிப்போர்ட் ஒரு நாளைக்கானது, சாமான் தினமும் மாறுது. கெப்பாசிட்டர் ஒரு கம்பெனில ஸ்டாக் இல்லன்னு பர்ச்சேஸ்ல வேற வாங்குவாங்க, காப்பர் வெல ஏறுனா வைண்டிங்காரர் கம்பி தடிமன்ல ஒரு கேஜ் குறைச்சு சுத்திக் குடுப்பாரு, சொல்லக் கூட மாட்டாரு. ரிக் நம்மகிட்ட இருந்தா மாசத்துக்கு ஒரு பீஸ பேக்கிங்ல இருந்து, மேஸ்திரிக்கு தெரியாம, எடுத்து மாட்டிடலாம். எனக்கு லேப விட ரிக் பிடிக்கறதுக்கு இதுதான் பெரிய காரணம், மத்ததெல்லாம் கூட காசு கணக்கு.

எல்லாருக்கும் ரிக்தான்னு சொல்லல. பி.எல்.டி.சி. ஃபேன் மாதிரி உள்ள எலக்ட்ரானிக் போர்டு இருக்கற ஐட்டம்னா, திடீர் வோல்டேஜ் அடி குடுத்துப் பாக்கற சர்ஜ் டெஸ்ட்டும் சூடு குளிர் சேம்பரும் நம்ம வாங்கற வெலைல இல்ல, வெளிய வாடகைக்கு எடுத்துதான் ஆகணும், அங்க ரெண்டு லட்சமும் லேபுக்குத்தான் போகும். பம்ப்காரங்க ஐ.எஸ்.ஐ. லைசன்ஸ்காக எப்படியும் டெஸ்ட் பெட் வச்சிருப்பாங்க, அதுலயே ராத்திரி ஓட்டத்துக்கு ஒரு லூப் போட்டுக்கலாம், புதுசா எதுவும் வேணாம். வருஷத்துக்கு முன்னூறு நானூறு பீஸ் மட்டும் போடற குட்டி யூனிட்னா ஆறு பீஸ் ரிக் கூட ஜாஸ்தி, பாதி வெலைக்கு அஞ்சு கடைக்கு குடுத்துட்டு ஹவர் மீட்டர படிச்சுட்டு வந்தா போதும்.

தம்பிக்கு நான் பிரிச்சுக் குடுத்த கணக்கு இது, எல்லாம் ஆயிரத்துல. ரிக்கு நாப்பது, ஆறு பீஸ் அடக்கத்துல ஒரு பதினெட்டு, நொய்யும் கரண்ட்டும் முப்பது, கடைக்கும் வீட்டுக்கும் பாதி வெலைல பத்து பீஸ், அதுல நஷ்டம் ஒரு பதினஞ்சு. மீதி கிட்டத்தட்ட ஒரு லட்சத்த தொடாம வச்சு, ரிக்ல 65 நாள் முடிஞ்சு, மாத்த வேண்டியத எல்லாம் மாத்துனதுக்கு அப்பறம் லேபுக்கு அனுப்பணும். முன்னாடி அனுப்புனா, ரிப்போர்ட் வந்த மாடல் வேற, கடைசில விக்கற மாடல் வேறன்னு ஆயிரும், ரெண்டாவது தடவ ஃபீஸ் கட்டணும். இதயும் நான் கட்டிருக்கேன்.

நேத்து வந்து ரிக்க பாத்துட்டுப் போனாரு. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நின்னாரு. ஆறு பீஸ் ஒதுக்க முடியாதுண்ணா, மொத லாட்ல நாலுதான் தர முடியும்னாரு. நாலு பீஸ் அந்த 22க்கு சமமாகணும்னா ரெண்டு மடங்கு பத்தாது, 2.35 மடங்கு ஓட்டணும், 1,830 தடவ, 76 நாள். பொங்கலுக்கு கடைல நிக்கணும்னா ஐப்பசி பொறந்த உடனே ஸ்விட்ச் போட்டாத்தான் உண்டு, அதுவும் நடுவுல ஒண்ணும் போகலன்னா. கொஞ்ச நேரம் காலண்டரயே பாத்துட்டு இருந்தாரு, அப்பறம் நொய் எந்த மில்லுல வாங்கறீங்கண்ணான்னு கேட்டாரு.